பச்சைச் செருகி

கையை எடுக்க முடியவில்லை.

எடுத்தால் பச்சைச் செருகி தெறித்து வெளியே வந்துவிடும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அவள் கட்டைவிரலை இப்போதே நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

நாட்டின் முதல் மூன்று அணுகுண்டுகளில் இது இரண்டாவது. பேட்டரிக்கும் வெடிப்பானுக்கும் நடுவில் நிற்பது அந்தச் செருகி ஒன்றுதான். விமானம் இலக்கை நெருங்கும்போதுதான் அதைக் கழற்றுவார்கள். கழன்றதும் உள்ளே இணைப்பு கூடும். அப்புறம் குறித்த உயரத்துக்குக் கீழே குண்டு இறங்கினால் போதும், வெடிக்கும்.

இந்தக் கிடங்கோ பூமிக்கு அடியில் இருந்தது.

தானாகக் கழன்றுவிடக் கூடாது என்றுதான், வடிவமைத்தபோது செருகிக்குப் பதினோரு சுற்று மரை வைத்திருந்தாள். ஆய்வுக்கு வந்த இடத்தில் சும்மா ஒருமுறை திருகிப் பார்த்தாள். கால் சுற்றிலேயே தளர்ந்து மேலெழும்பியது. பதறி அழுத்தியவள்தான்.

“இதுல மரை எங்க?”

கிடங்குப் பொறுப்பாளர் தவசிமுத்து பெருமையாகச் சிரித்தார்.

“அரத்தால ராவிட்டோம் மேடம். பேட்டரிய கழட்டி வச்சுட்டுப் பயிற்சி பண்ணுவோம்ல, பதினோரு சுத்து சுத்துறதுக்குள்ள நேரம் பூரா போயிடுது. இப்ப ஏழே செகண்டு. மூணு வருஷமா பயிற்சிப் போட்டிக் கோப்பை நமக்குத்தான்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த பூட்டு. ஒரு பித்தளைக் கோப்பைக்காக வழித்தெடுத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

“மத்த ரெண்டும்?”

“மூணும் ஒரே மாதிரிதான் மேடம். ஒண்ணுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ண முடியுமா?”

திட்டக்கூட நேரமில்லை. விரல் மரத்துக்கொண்டிருந்தது.

“ஓடுங்க. வெளிய வராண்டா ஃபோன்ல சொல்லி, பேட்டரி கழட்டுற ஆளை வரச் சொல்லுங்க.”

அவர் நகரவில்லை.

“காது கேக்கலையா? ஓடுங்கன்னு சொன்னேன்!”

“உங்களத் தனியா விட்டுட்டு எப்படி மேடம் போறது? குண்டுகிட்ட ஒத்த ஆளா யாரும் நிக்கக் கூடாது.” சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். “அதுல மட்டும் நாங்க ஒரு நாளும் தப்பு பண்ணதில்ல.”

அவளுக்குப் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவளே அவள்தான். ‘எந்த நிலையிலும்’ என்று முதலில் போட்டாள். அது போதாதென்று ‘எவர் சொன்னாலும்’ என்று பிறகு சேர்த்தாள். கீழே அவள் கையெழுத்து.

வியர்வையில் விரல் வழுக்கியது.

தவசிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளுக்குத் துணையாக நின்றார்.