சிங்கராயரின் எமர்ஜென்சி ஸ்டாக்

"திடீர்னு நாலு நாளைக்குக் கடை கண்ணி எதுவும் திறக்கலன்னா என்ன பண்ணுவ மேரி?"

"பக்கத்துல சரோஜம்மா வூட்ல கேட்டு வாங்கிப்பேன்," என்றாள் அன்னமேரி, துவைத்த துணியை உதறியபடி.

"அவங்க வூட்லயும் இல்லன்னா?"

"தவக்கால நோன்புன்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

சிங்கராயருக்குச் சுருக்கென்றது. ஓசூர் ஃபேக்டரியில் இருந்த காலம் முழுக்க சேஃப்டி கமிட்டி ஆள் அவர். மாக் டிரில் நடத்தி நடத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம், நிஜ ஆபத்து என்று ஒன்று கடைசி வரை எட்டிப் பார்க்கவே இல்லை. ரிட்டையராகி உத்தனப்பள்ளிக்கு வந்ததும் அந்த அக்கறை மொத்தமும் வீட்டின் மேல் திரும்பியது. பெண்டாட்டி வாயால் ஒரே ஒரு தடவை 'நீங்க செஞ்சது சரி' என்று கேட்டுவிட்டால் போதும், அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மறுநாளே சமையலறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் ராகி மூட்டை, வெல்லம், உப்பு எல்லாம் வந்து இறங்கின. கூடவே ஒரு வாழைத்தார், பழுத்த பலாப்பழங்கள்.

"இதெல்லாம் எதுக்குங்க? வூட்ல கல்யாணமா நடக்குது?"

"சிலிண்டர் தீந்துட்டா? அடுப்பு இல்லாம திங்க ஏதாச்சும் வேணாமா?"

"ஊரே சிரிக்குது உங்களப் பாத்து."

"சிரிக்கட்டும். என் அருமை ஒரு நாள் தெரியும்."

அந்த நாள் அந்த வாரமே வந்துவிட்டது. காலையில் பால்காரர் வரும் நேரத்துக்கு ஒரு ஜீப் வந்து தெருவில் நின்று மைக்கில் அலறியது. "யாரும் வெளிய வராதீங்க. கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க. நாங்க சொல்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது."

அன்னமேரி ஜெபமாலையைத் தேடினாள். சிங்கராயர் முகத்திலோ மாப்பிள்ளைக் களை. ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினார்.

"என்ன ஆச்சுங்க? எந்த ஃபேக்டரிலயாச்சும் கேஸு லீக்காயிடுச்சா?"

"எதுவா வேணா இருக்கட்டும். ஒரு வாரம் ஆனாலும் நாம யார்கிட்டயும் கையேந்த வேணாம், பாத்தியா?"

அன்னமேரி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க செஞ்சது சரிதாங்க. நான்தான் புரியாம கிண்டல் பண்ணிட்டேன்."

சிங்கராயருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததே இல்லை.

"கொட்டகையிலேர்ந்து கொஞ்சம் வெல்லம் எடுத்துட்டு வா மேரி. காபி குடிப்போம்."

போனவள் சமையலறையிலிருந்தே கொட்டகைக் கதவை லேசாகத் திறந்தாள். உடனே சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"வெல்லம் கிடைக்காதுங்க."

"ஏன், அவ்ளோ வாங்கிப் போட்டனே?"

அதற்குள் மைக் மறுபடி கரகரத்தது. "சிங்கராயர் சார், ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்லேர்ந்து பேசறோம். கொட்டகைப் பக்கம் போவாதீங்க. உங்க பலாப்பழத்தையும் ராகியையும் மோந்துக்கிட்டுத்தான் காட்டுலேர்ந்து யானை நேரா உங்க வூட்டுக்கு வந்திருக்குது."

அன்னமேரி மூச்சு வாங்கச் சொன்னாள், "ஆபத்துக்குன்னு சேத்து வச்சீங்கல்ல? அந்த ஆபத்தேதான் நின்னு தின்னுட்டு இருக்குது."