அவளுக்கு ஒன்றும் தெரியாது

“ஷாம்பூவை மாத்தியாச்சு, எண்ணெயை மாத்தியாச்சு. சீப்பை வச்சாலே கொத்துக் கொத்தா வருது டாக்டர்!”

அம்மா படபடத்தாள். பக்கத்து நாற்காலியில் ஏழு வயது மகள் யாருக்கோ வந்த வியாதி போல உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வகிடு பிரித்துப் பார்த்தார். சில முடிகளைப் பிடித்து லேசாக இழுத்தார். வலிக்காமல் கையோடு வந்தன.

“சொட்டை விழல. படை, புண்ணு எதுவும் இல்ல. ரத்தத்துலயும் குறை இல்ல. பெரிய காய்ச்சல் வந்தாலோ, மனசுல பெரிய அடி பட்டாலோ, ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்படிக் கொட்டும். அந்த மாதிரி ஏதாவது நடந்துச்சா?”

“ஒண்ணும் இல்லையே,” என்றார் அப்பா, கேள்வி முடிவதற்குள்.

டாக்டரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“குட்டி, வெளியே மீன்தொட்டி இருக்கு. பார்த்துட்டு வர்றியா?”

கதவு மூடியதும் அம்மா உடைந்தாள்.

“ரெண்டாவது குழந்தை டாக்டர். அஞ்சாம் மாசம்... தங்கல.”

“அதுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்ல,” என்றார் அப்பா. “வயித்துல பாப்பா இருக்குன்னே இவகிட்ட சொல்லல. ஆஸ்பத்திரியில சேர்த்தப்பகூட அம்மாவுக்கு வயித்துவலின்னுதான் சொன்னோம்.”

“இவ எதிர்ல நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல,” என்றாள் அம்மா. “குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்லதான் அழுவேன்.”

“வலி சரியாயிடுச்சான்னு அவ கேட்டாளா?”

இருவரும் யோசித்தார்கள்.

“ஒரு வார்த்தை கேக்கல.”

“அதான் எனக்கு இடிக்குது. பக்கத்துல உட்கார்ந்து பேசிப் பாருங்க.”

“தெரியாத பிள்ளைகிட்ட போய் எதுக்கு டாக்டர் கிளறணும்?” என்று எழுந்துவிட்டார் அப்பா.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்துவிட்ட மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையணையில் ஒட்டியிருந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“கண்ணு, பயப்படாதே. முடி தானா வளர்ந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க.”

“வளர வேணாம்மா.”

“ஏண்டி அப்படிச் சொல்றே?”

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீ தூங்கறப்ப உன் வயித்துகிட்ட வாயை வச்சு, ‘நீ வராதே, அம்மா எனக்கு மட்டும்தான்’னு சொன்னேன். கோவத்துலதாம்மா சொன்னேன்... பாப்பா அதை நிஜம்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுச்சு.”