மூடாத ஓட்டைகள்

“ஏலே கிங்ஸ்லி, கேட்டத் தொறந்துக்கிட்டு ஒரு அம்மா வருதாவ. வண்டியில ஓட்டை இருக்கான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. புரியுதா?”

கிரேஸ் குனிந்து மகனிடம் கிசுகிசுத்துவிட்டு, வந்தவருக்கு நாற்காலி எடுக்க ஓடினாள்.

வேனுக்கு அடியில் படுத்திருந்த கிங்ஸ்லி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். முன் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று காகிதம் ஒட்டியதிலிருந்து அம்பாசமுத்திரத்துப் பழைய வண்டி வியாபாரிகள்கூட எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஓர் ஆள் தானாக வந்திருக்கிறது என்றால் அம்மா சும்மா விடுவாளா?

விற்றே ஆக வேண்டிய நிலைமை. தரகர் பாக்கியசீலன் அவனுக்கு ஒரு நல்ல சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். பெண்ணுக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெயர் ரீபா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து கிங்ஸ்லிக்குச் சோறு இறங்கவில்லை. தரகரோ பெண் வீட்டில் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டிருந்தார். “பையன் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பாக்கான். சொந்தமா கார் வச்சிருக்கான்.”

அந்தக் கார் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதற்குள் இதைத் தள்ளிவிட்டு ஒரு காரைப் பிடித்துவிட வேண்டும், இந்தத் துருப்பிடித்த வேனில் போய் இறங்கினால் பேச்சு வாசலோடு முடிந்துவிடும் என்பது அவர் உத்தரவு.

வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். “என் பேரு டெபோரா. ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர்” என்றவர், உட்காராமல் நேரே வேனிடம் போனார். கைப்பையில் பாடத்துக்கு வைத்திருந்த ஒரு காந்தத்தை எடுத்தார்.

விவரமான ஆள்தான் என்று கிரேஸுக்குப் புரிந்துவிட்டது. துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

“காந்தம் வேண்டாம் டீச்சர். நான் பட்டியே வைக்கல. எங்கெங்க துருன்னு நானே காட்டுதேன்” என்றான் கிங்ஸ்லி.

கிரேஸ் தொண்டையைச் செருமினாள். மகன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“இது முன்னால உவரியில மீன் ஏத்துன வண்டி. உப்புத் தண்ணி தரையிலயே கெடந்து ஊறிட்டு. இந்தக் கதவுக்கு அடியில ரெண்டு ஓட்டை. தகடு வெட்டி வெல்டிங் வச்சிருக்கேன். இந்தா, அதுக்குப் பக்கத்துலயே இப்ப புதுசா அரிக்குது. துருவ ஒரேயடியா நிறுத்த முடியாது டீச்சர். பரவ விடாம பாத்துக்கிடலாம்.”

“எப்படிப் பாத்துக்கிடுதீங்க?”

“ஐப்பசி மழைக்கு முந்தி அடியில படுத்து, துருவச் சுரண்டி எடுத்துட்டு, பழைய இன்ஜின் ஆயில் அடிச்சிருவேன். வருசா வருசம் அப்படித்தான் ஓடுது.”

“கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுங்க” என்று டீச்சர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

“கால அந்தப் பலகை மேலயே வச்சுக்கிடுங்க. கீழ தகடு கிடையாது.”

டீச்சர் பலகையைக் காலால் பைய நகர்த்தினார். பாபநாசம் சாலை அவர் காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பயப்படுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று கிங்ஸ்லிக்குத் தெரியவில்லை.

ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேன் அலுங்காமல் நின்றது.

“பிரேக் மட்டும் புதுசு டீச்சர். அதுல நான் கஞ்சத்தனம் பாக்க மாட்டேன்.”

“அப்ப இதுல ஸ்கூல் பிள்ளைகள நம்பி ஏத்தலாமா தம்பி?”

ஏத்தலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி இன்றைக்கே போய்விடும். போட்டோவில் இருந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவனுக்கு வேறு வார்த்தைதான் வந்தது.

“சின்னப் பிள்ளைய வேண்டாம் டீச்சர். சும்மா இருக்க மாட்டாவ, பலகைய நகத்தி வெளையாடுவாவ. தரை முழுசையும் மாத்திட்டா ஏத்தலாம்.”

டீச்சர் பலகையைக் காலால் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார். வீடு வரும்வரை கிங்ஸ்லி தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான்.

வாசலில் கிரேஸ் காப்பியோடு நின்றாள். “வண்டி பிடிச்சிருக்கா டீச்சர்?”

“வண்டி எனக்கு வேண்டாம்.”

கிரேஸுக்கு முகம் செத்துவிட்டது. வந்தவர் நிற்கிறாரே என்றும் பார்க்காமல் மகனைப் பிடித்துக்கொண்டாள். “உள்ளதச் சொல்லுதேன், உள்ளதச் சொல்லுதேன்னு எல்லாத்தையும் கெடுத்துட்டியேலே. ஞாயித்துக்கிழமை எந்த மொகத்த வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக?”

கைக்கு வந்த பெண்ணை நழுவ விட்டுவிட்டோம் என்று கிங்ஸ்லி டயரை ஓர் உதை உதைத்தான்.

டெபோரா டீச்சர் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். வேனின் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்து, நாலாக மடித்து, காந்தத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“தரகர் சொல்லுத காரப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுப் போலாம்னுதான் வந்தேன், இந்தக் காயிதத்தப் பாத்ததும் உள்ள நொழைஞ்சுட்டேன்” என்று கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஆழ்வார்குறிச்சிக்கு இந்த வண்டியிலயே வாங்க. அந்தப் பலகைய மட்டும் ஆணி அடிச்சு வைக்கச் சொல்லுங்க, எம் மவ ரீபா அத நகத்திப் பாக்காம இருக்க மாட்டா.”