நகர்த்திய சுரங்கள்

அவள் ஒரு சுரத்தைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினாள்.

கணினித் திரையில் அது ஒரு சின்னப் பச்சைக் கட்டம். தாளக் கோட்டைத் தாண்டி, பிந்தி விழுந்திருந்தது. கோட்டுக்கு அருகில் கொண்டுவந்து விட்டாள்.

கோட்டின்மேல் அச்சாக வைக்கவில்லை. கொஞ்சம் பிசகாகவே விட்டாள்.

எல்லாச் சுரங்களையும் ஒரே சொடுக்கில் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துகிற வசதி அந்த மென்பொருளில் உண்டு. அவள் அதைத் தொடுவதில்லை. தொட்டால் இயந்திரம் வாசித்ததுபோல் ஆகிவிடும். கணவர் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியான மாத்திரையின் தூக்கம்.

அந்த மென்பொருளை இறக்கி வைத்தது அவர்தான். காசில்லாமல் கிடைப்பது. முகம் தெரியாத யார் யாரோ கூடிச் செய்து பொதுவில் விட்டது. பாடகர் குழுவின் நாலு குரலுக்கு நாலு தடம், நாலு நிறம். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை அவர் கட்டம் கட்டமாக அதில் போடுவதை, காப்பித் தம்ளரோடு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

பார்த்தே பழகிவிட்டது.

ஜூலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். போனது வலது கை.

"விரலச் சும்மா விடாதீங்க. தினமும் வாசிக்கச் சொல்லுங்க" என்றாள், உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண்.

வாசித்தார். வீட்டுக் கீபோர்டிலிருந்து ஒயர் வழியாக ஒவ்வொரு சுரமும் கணினியில் பதிந்தது. சாயங்காலம் போட்டுக் கேட்டார்.

கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் ஒரே ஒரு சுரத்தை நகர்த்தினாள்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டையில் தவறி விழுந்தவற்றை அழித்தாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் தொட்ட சுரங்கள் மூச்சில்லாமல் கிடந்தன. அவற்றின் அழுத்தத்தைக் கூட்டினாள். அவர் வாசித்த அசலை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. அதை வேறொரு தடமாக்கி, ஒலியை அடைத்து, அடியில் வைத்தாள்.

"வாசிக்கும்போது கேவலமாத் தோணுது. போட்டுக் கேட்டா நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்றார்.

அவர் சாப்பிடத் தொடங்கினார். இடது கையால் சவரம் செய்துகொண்டார். ஒருநாள் குளிக்கும்போது பாடினார்.

அவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

இன்று காப்பி நேரத்துக்கு ஆசீர் வந்தார். பாடகர் குழுவின் செயலர். நலம் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரை அவர் விடவில்லை.

"அந்தப் பாட்டப் போடுட்டி."

மத்தியானம் திருத்தியதைப் போட்டாள்.

ஆசீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல என்ன வேணும்? கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீங்கதான். போதகர்ட்ட இன்னைக்கே சொல்லிருதேன்."

"சொல்லு. வாசிக்கேன்."

தம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணுக்குள் கோயில் நிறைந்த சனம். பாடகர் குழு எழுந்து நிற்கிறது. முதல் சுரத்துக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவர் வலது கையைத் தூக்கிக் கட்டைகளின்மேல் வைக்கிறார்.

அங்கே நகர்த்துவதற்கு எதுவும் இல்லை.

குழாயை மூடினாள்.

ஆசீரின் பைக் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்து, இடது கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஜூலைக்கு முந்தைய வெளிச்சம்.

அவள் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

சொல்லிவிடத்தான் வந்தாள்.

மேல் தடத்தின் ஒலியை அடைத்தாள். அடியில் கிடந்ததைத் திறந்தாள்.

"இதக் கொஞ்சம் கேளுங்க."

அதே பாட்டு. நொண்டிக்கொண்டு வந்தது. ஒரு சுரம் வந்தது, அடுத்தது வரவில்லை, பிறகு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எங்கோ ஓர் அபசுரம். அதை விட்டு விரல் எழாமல் அது இழுத்துக்கொண்டே நின்றது.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். தாளம் தட்டுவதை விடவில்லை. வாசிப்பவருக்காகக் காத்து, அவர் வந்ததும் தட்டினார்.

"யாருட்டி வாசிக்கா?"

அவள் திரும்பவில்லை.

"பாவம். சுண்டுவிரல் எந்திக்கவே மாட்டேங்கு."

மூன்றாம் அடி முடிகிற இடம். மேலே ஏற வேண்டிய சுரத்துக்கு முன்னால், வாசித்தவர் சின்னதாக ஒரு வளைவு வளைத்தார். பாதியில் விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்தாலும் வளைவுதான். பாட்டுப் புத்தகத்தில் இல்லாதது. அந்தக் கோயிலில் அதை அப்படி வாசிக்கிறவர் ஒரே ஒருவர்.

தாளம் நின்றது.

இடது கை மெதுவாகப் போய், நாற்காலிக் கையில் கிடந்த வலது கையை எடுத்தது. மடியில் வைத்தது. தோளில் கிடந்த துண்டை உருவி அதன்மேல் போட்டது.

அவள் நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாத."

பாட்டில் இன்னும் ஒரு சரணம் இருந்தது.