மருந்துக்கடைக்காரியின் திமிர்

"இந்த ஒரு மாத்திரையை மட்டும் இப்ப தரமாட்டேன்மா."

டீச்சரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருஷம் வகுப்பை ஒற்றைப் பார்வையில் அடக்கியவர். ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடையில் நிற்கும் ஒரு பெண், அவருக்கே மறுப்புச் சொல்கிறாள்!

"ஏன், ஸ்டாக் இல்லையா?"

"இருக்கு. ஆனா இந்தச் சீட்டுல கேன்சர் மாத்திரையும் இருக்கு, அசிடிட்டி மாத்திரையும் இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். ரெண்டு தடவை போன் போட்டேன், எடுக்கலை. விஷயம் என்னன்னா..."

"என்னன்னாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எழுதினது யாரு தெரியுமா? பெரிய டாக்டர்! அவருக்கு நீ பாடம் நடத்தப் போறியா?"

பெஞ்சில் அவர் கணவர் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். நுரையீரலில் கட்டி. கேன்சருக்கான இந்தப் புது மாத்திரை வேலை செய்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அதில் நெஞ்செரிச்சல் வேறு. அதை மனுஷர் சொல்லி முடிப்பதற்குள், தலையைக்கூட நிமிர்த்தாமல் மாத்திரை எழுதிவிட்டார் பெரிய டாக்டர். அப்பேர்ப்பட்ட கைராசிக்காரர்!

"நெஞ்சு எரியுதுன்னு அவர் துடிக்கிறாரு, நீ கல்லு மாதிரி நிக்கிறே. வர்றேன் இரு!"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு விடுவிடுவென்று மாடியேறினார். வரிசையில் காத்திருந்தவர்களின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்தார். புகாரைக் கேட்டதும் டாக்டரின் முகம் சிவந்தது.

"நான் எழுதினதையே கேள்வி கேக்கறாளா? இருங்க, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

போனை எடுத்தார்.

"யாரும்மா நீ? என்ன படிச்சிருக்கே? என்ன... என்னது?"

அதோடு குரல் இறங்கிவிட்டது.

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "ம்ம்." சீட்டை இழுத்து வைத்துப் பார்த்தார். "சரி சரி, நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செம டோஸ் விட்டிருப்பார் என்று டீச்சரம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்து, சீட்டில் ஒரு வரியை அழுத்தி அடித்தார்.

"அசிடிட்டி மாத்திரை வேண்டாம்மா. இந்தக் கேன்சர் மாத்திரை கரையறதுக்கே வயித்துல ஆசிட் வேணும். அதைக் குறைச்சுட்டா மருந்து உடம்புல சரியா ஏறாது. கட்டி அது பாட்டுக்கு வளரும். எரிச்சலுக்கு வேற வழி பண்ணலாம்."

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"தெய்வம் டாக்டர் நீங்க! நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சு."

டாக்டர் கூச்சமே இல்லாமல் தலையாட்டினார்.

"எவ்வளவைத்தான் நான் ஒருத்தனே பாக்கறது? இதையெல்லாம் மருந்துக்கடையில இருக்கறவங்கதான் கவனிச்சுச் சொல்லணும்."

"யாரு, அவளா?" டீச்சரம்மா முகத்தைச் சுளித்தார். "ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கச் சொன்னாலே கை வலிக்குது அவளுக்கு. இதெல்லாம் அவளுக்கு எங்க தெரியப்போவுது, டாக்டர்!"