செம்பில் வைத்த தண்ணீர்

போடியில் எங்கள் தெருக் குழாயில் ஏலக்காய்க்கு ஏற்றுகிற பச்சைச் சாயம் கலந்து வரும். அதைப் பிடிக்கத்தான் கல்லூரி ஆய்வகத்தில் நுண்மணிகள் என்கிற பொடிப் பொடி உருண்டைகளைச் செய்கிறேன். நேர்மின் பூச்சு, எதிர்மின் பூச்சு என்று வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். ஒட்டிய சாயத்தை லேசில் விடாது. தண்ணீரில் உப்பு கலந்தால்தான் விடும்.

ஜீப்பு ஓட்டிய என் வீட்டுக்காரர் சிவக்குமார் போன வாரம் குரங்கணி ரோட்டில் இறந்துபோனார். காரியம் முடியும்வரை அவர் படத்துக்கு முன்னால் செம்பில் தண்ணீர் வைக்க வேண்டும். சாயத் தண்ணீரை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நேற்று ராத்திரி செம்பின் கழுத்தளவு மட்டும் ஊற்றி மணிகளைப் போட்டேன். தெளிந்தது. வீட்டில் வேறு ஆளில்லை. நான் இன்னும் அழவும் இல்லை.

காலையில் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா வாசலில் நின்று கேட்டார்.

"தண்ணி கொறஞ்சிருக்கா பாரு ஆத்தா. கொறஞ்சிருந்தா வந்து குடிச்சிட்டுப் போயிருக்காருன்னு அர்த்தம்."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. மறுபடியும் பச்சையாகியிருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். கண்ணீர் போலக் கரித்தது.

"என்னத்தா, கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்குக்கா" என்றேன்.