சாயங்காலமானால் பின்வாங்கும் கடிகாரம்

வைஃபை நன்றாக எடுக்கிறது, கரண்டும் போகவில்லை. அப்படியும் ஒரு கடிகாரம் காலையில் சரியாக ஓடி, சாயங்காலமானால் அரை மணி பின்னால் போனால், நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

தம்பி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா முதலில் வைஃபையைத்தான் சந்தேகப்பட்டாள். மிக்ஸியோ மோட்டாரோ, எதுவானாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். திரும்ப மாட்டும்போது ஒன்றிரண்டு திருகு மிஞ்சும், அது வேறு கதை.

ஹாலில் இருந்தது ஒரு ஸ்மார்ட் புரொஜெக்டர். படம் ஓடாத நேரத்தில் சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் மணி காட்டும். அந்த வீட்டில் அதுதான் கடிகாரம். தம்பி மகள் வாலு, ஆறு வயசு, மணி பார்க்கப் பழகியதே அதில்தான்.

"சாயங்காலம் ஊரே போனை நோண்டுது, வைஃபை திணறுது. அதான் இதுக்குச் சரியான நேரம் வந்து சேரல" என்றாள் அக்கா.

"இருக்கும் அண்ணி" என்றாள் தம்பி மனைவி, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

இவள் வாலுவுக்குச் சித்தி. பெற்றவள் தம்பியைப் பிரிந்து, வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். தினமும் எட்டு மணிக்கு வீடியோவில் வருவாள். சுவர் முழுக்க அம்மா முகம். வாலுவுக்குப் பொழுது விடிவதே அதற்காகத்தான்.

அக்கா ரௌட்டரை அலமாரி மேல் ஏற்றினாள். அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை மறுபடி தட்டினாள். கடிகாரம் அசையவில்லை. அதற்குள் அவள் வீட்டுக்காரர் போன் பண்ண, மொட்டை மாடிக்குப் போய் நின்று சண்டை போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கி வந்தாள்.

காலையில் பார்த்தால் மணி சரியாக இருந்தது.

"பாத்தியா என் கைராசியை!"

சாயங்காலம் மறுபடி அரை மணி பின்னால்.

"அப்படியே உங்கப்பன் மாதிரிடீ. காலைல சுறுசுறுப்பு, சாயங்காலம் ஆனா படுத்துக்குது."

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

அக்கா ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸுக்குள் புகுந்தாள். இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைத் தானாக எடுக்கும் வசதி அணைந்திருந்தது. அது தானாக அணையாது. யாரோ அணைத்துவிட்டு, கையாலேயே மணியைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள்.

தம்பி வீடு திரும்பவே ஒன்பது தாண்டும். வாலுவுக்கு ரிமோட்டில் கார்ட்டூன் தவிர வேறு எதுவும் தெரியாது. மிச்சம் யார்?

அக்காவுக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி! மணி பின்னால் போனால், அம்மா கூப்பிடும்போது குழந்தை எங்கேயோ விளையாடிக்கொண்டிருக்கும். நாலு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளும் ஓய்ந்துபோவாள். இப்படியா பிரிப்பாள் ஒருத்தி?

வசதியை மறுபடி போட்டாள். சுவரில் மணி ஒரே தாவலில் அரை மணி முன்னால் வந்தது. கையோடு செட்டிங்ஸுக்கு ஒரு ரகசிய நம்பரும் போட்டுப் பூட்டினாள்.

துணிக் குவியலோடு இறங்கி வந்த சித்தி சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சரி பண்ணிட்டீங்களா அண்ணி?"

"பண்ணிப் பூட்டும் போட்டாச்சு. இனிமே யார் கையும் உள்ள போகாது."

"பூட்டா?"

"ஏன், சாவி வேணுமா உனக்கு?"

சித்தி துணியை மடிக்க உட்கார்ந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

எட்டு மணி. தலைவாரிக்கொண்டு, அன்று வரைந்த யானைப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் வாலு.

"அத்தை, எட்டாச்சு."

"வந்துடுவாங்கடா தங்கம்."

சுவரில் நிமிஷங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அம்மா வரவில்லை.

"அம்மா லேட்டே பண்ண மாட்டாங்க அத்தை. எட்டுன்னா கரெக்டா எட்டுதான்."

யானைப் படம் நாலாக மடிந்தது. எட்டாக மடிந்தது.

"என்னை மறந்துட்டாங்களா?"

சமையலறை வாசலிலிருந்து சித்தி கண்ணால் கூப்பிட்டாள். அக்கா விறுவிறுவென்று போனாள்.

"என்னடீ சொல்லி வச்சிருக்க அவகிட்ட? கூப்பிடாதேன்னா?"

"மெல்லப் பேசுங்க அண்ணி." சித்தி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "ஆஸ்பத்திரியில வாலு அம்மாவோட டூட்டி நேரத்தை மாத்திட்டாங்க. எட்டரைக்கு முன்னாடி போனைத் தொட முடியாது. முதல் நாள் குழந்தை இப்படித்தான் சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்தா, அழக்கூட இல்ல. இனி எட்டரைக்குத்தான்னு அவங்களும் சொன்னாங்க, நானும் சொன்னேன். 'எட்டுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தறீங்க, நாளைக்கு வராமலே இருந்துடுவீங்க'ன்னு சொல்லிட்டு, வாலு அவங்க முகத்தைக்கூடப் பாக்கல. மறுநாள் மணியைத் தள்ளி வச்சேன். சுவர்ல எட்டு ஆனதும் அம்மா வந்தாங்க. வீடே சிரிச்சுது. ராத்திரி அவ தூங்கினதும் சரி பண்ணிடுவேன், காலைல ஸ்கூலுக்கு நேரம் தப்பக்கூடாதில்ல."

அக்கா ஹாலை எட்டிப் பார்த்தாள். வாலு இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டரைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு அண்ணி. பூட்டை எடுத்துட்டு மணியைப் பழையபடி பின்னால தள்ளிடுங்க. அப்புறம், கடிகாரத்தைச் சரி பண்றேன்னு அத்தைதான் கெடுத்து வச்சுட்டேன், இன்னும் எட்டே ஆகலன்னு அவகிட்ட சொல்லிடுங்களேன்... நீங்க சொன்னா நம்புவா."